அடுத்தவர் சோலோவை டியூபாவில் ஊத: பாம்பன் கரையிலிருந்து ஒரு வழிகாட்டி

பேண்டு செட்டில் டியூபா என்ற, அடிச்சுரம் தரும் பெரிய பித்தளை வாத்தியத்தை ஊதுகிறவருக்கு ஒரு பாட்டில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு சுரம்தான்: ச, ப. தேர்பவனி மூன்று மணி நேரம் ஊரைச் சுற்றினாலும் அதே ச, ப. பாட்டை டிரம்பெட்காரர் எடுத்துக்கொள்வார், கிளாரினெட்காரர் சங்கதி போடுவார், கைதட்டும் அவர்களோடு போய்விடும். எங்கள் பக்கம் இந்த வாத்தியத்தை டியூபா என்று சொல்கிறவர்களே குறைவு. 'பேஸ்' என்றுதான் பெயர். தோளில் வளைத்து மாட்டிக்கொள்ளும் சூசாபோனும் பேஸ்தான், மடியில் வைத்து ஊதுவதும் பேஸ்தான்.

அப்படி ச, ப ஊதிக்கொண்டிருக்கிற ஒருவர், வயலினுக்கோ செல்லோவுக்கோ குரலுக்கோ எழுதிய ஒரு பாட்டை முழுதாகத் தனியே ஊத ஆசைப்பட்டால் எங்கே தொடங்குவது? அதற்குத்தான் இது. ஒரு ஸ்கேலைத் தடுக்காமல் ஊதத் தெரிந்தால் போதும். காலக்கெடுவும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. எங்கள் செட்டில் பாதிப் பேர் படகுக்குப் போகிறவர்கள் என்பதால், அந்த நாட்களில்தான் எல்லோரும் ஊரில் இருப்போம். 61 நாளில் ஒரு பாட்டு தயாராகும். ஒன்று போதும், பேராசை வேண்டாம்.

கடன் வாங்குவதில் வெட்கம் இல்லை

டியூபா வயதில் சின்னப் பிள்ளை. ராணுவ பேண்டு மாஸ்டர் வில்ஹெல்ம் வீப்ரெக்டும் வாத்தியம் செய்கிற மோரிட்ஸும் பெர்லினில் இதற்குக் காப்புரிமை வாங்கியது 1835 செப்டம்பர் 12 அன்று. பாக் இறந்தது 1750இல், மொசார்ட் 1791இல். இருவரும் இதைக் கண்ணால் பார்த்ததில்லை. இது பிறந்த பிறகும் பேர்பெற்ற இசையமைப்பாளர் ஒருவர் இதை முன்னால் உட்கார வைத்து ஆர்கெஸ்ட்ராவோடு கான்செர்ட்டோ எழுத 1954 ஆகிவிட்டது. எழுதியவர் இங்கிலாந்தின் ரால்ஃப் வாகன் வில்லியம்ஸ், முதலில் வாசித்தவர் லண்டன் சிம்பொனியின் பிலிப் கேட்டலினெட். அதனால் உலகத்தில் டியூபாவில் தனியாக வாசிக்கிற யாரும் அடுத்த வாத்தியத்தின் வீட்டில் போய்க் கடன் வாங்கித்தான் ஆகவேண்டும்.

நமக்கு இது பழகிய விஷயம். கிளாரினெட்டை ஏ.கே.சி. நடராஜனும் சாக்சபோனைக் கத்ரி கோபால்நாத்தும் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார்கள். மறுபக்கம் முத்துசுவாமி தீட்சிதர், சென்னைக் கோட்டையின் பேண்டு மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் போட்டார். அவைதான் நோட்டுஸ்வரங்கள். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் மெட்டு அவர் கையில் 'சந்ததம் பாஹிமாம்' ஆனது. தீட்சிதர் மறைந்தது 1835 அக்டோபரில், டியூபா காப்புரிமை வாங்கிய மறுமாதம். இதில் அர்த்தம் ஏதும் இல்லை, எனக்குப் பிடித்த தற்செயல், அவ்வளவுதான்.

முதல் வேலை: உங்கள் பேஸ் என்ன கட்டை?

சிரிக்காதீர்கள். பத்து வருடம் ஊதியும் இது தெரியாதவர்கள் இருக்கிறார்கள், நானும் அப்படி இருந்தவன்தான். பித்தானில் விரல் வைக்காமல் கீழிருந்து மேலாக உதட்டை இறுக்கிக்கொண்டே போனால் ச, ப, ச, க, ப, ச என்று சுரங்கள் தானாக வரும். அந்த 'ச' கீபோர்டில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள், அதுதான் கட்டை. ஆறரைக் கட்டை என்றால் அது பி-ஃபிளாட் பேஸ், குழாயை நீட்டினால் சுமார் 18 அடி. இரண்டரைக் கட்டை என்றால் ஈ-ஃபிளாட் பேஸ், சுமார் 13 அடி. ஒரு சுரத்தை மட்டும் ஊதிப் பார்த்து முடிவுகட்ட வேண்டாம். ஆறரைக் கட்டை இரண்டிலும் விரல் இல்லாமல் வரும்: ஒன்றில் 'ச'வாக, மற்றதில் 'ப'வாக. நான் ஏமாந்தது அங்கேதான்.

எந்தப் பாட்டு?

வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது அந்த வண்டுப் பாட்டு. ரிம்ஸ்கி-கோர்சகாவ் 1900இல் மேடையேறிய ஓர் ஓபராவில், இளவரசன் வண்டாக மாறிப் பறக்கும் இடத்துக்கு எழுதிய துண்டு அது. யானை வண்டாகப் பறப்பதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இல்லை! டியூபாவில் அதை ஊதிக் காட்டும் கில்லாடிகள் உலகில் இருக்கிறார்கள். ஆனால் முதல் பாட்டாக அது வேண்டாம் என்பேன். வேகம் வராது என்பது ஒரு காரணம். இன்னொன்று, கூட்டம் சிரிக்கும். சிரித்துக் கைதட்டிய கூட்டம் அடுத்த தடவையும் சிரிக்கத்தான் காத்திருக்கும். இந்த வாத்தியம் பாடும் என்று அவர்களுக்கு முதலில் தெரியட்டும், வண்டு பிறகு பறக்கட்டும்.

என்னைக் கேட்டால் பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது விரலை மறந்துவிட்டு மூச்சைக் கணக்குப் பாருங்கள். மூச்சு வாங்க இடம் விட்டு எழுதியவை, குரலுக்கு எழுதியவைதான். அதனால் கோயிலில் நீங்கள் சின்ன வயதிலிருந்து பாடும் ஒரு கீதமோ ஒரு நோட்டுஸ்வரமோ முதல் வாரத்துக்குச் சரி. வரி எங்கே முடிகிறது என்பது உடம்புக்கே தெரியும்.

அடுத்து, அதே வாகன் வில்லியம்ஸ் 1926இல் செல்லோவுக்கு எழுதிய, ஆங்கில நாட்டுப்பாடல் மெட்டுகளில் அமைந்த ஆறு சின்னத் துண்டுகள். ஒவ்வொன்றும் ஓரிரு நிமிடம். கடைசி ஒன்றுதான் ஓட்டம், மற்றவை நிதானம். டியூபாக்காரர்கள் இவற்றை ரொம்பக் காலமாகத் தங்கள் சொத்துபோலவே வாசிக்கிறார்கள். ராக்மானினாவின் 'வோக்கலீஸ்' சொல்லே இல்லாத பாட்டு, வாயால் பாட எழுதியது, அதுவும் நல்லது. காபுட்ஸி டபுள் பேஸுக்கு எழுதிய கான்செர்ட்டோவிலிருந்து இரண்டு பகுதிகளை மேலே சொன்ன கேட்டலினெட்டே ஈ-ஃபிளாட் பேஸுக்கு மாற்றி வைத்திருக்கிறார். மொசார்ட்டின் ஹார்ன் கான்செர்ட்டோக்கள் கொஞ்சம் தேறிய பிறகு. அவையும் ஊதுகிற வாத்தியத்துக்கே எழுதியவை என்பதால் மூச்சு உதைக்காது. மொன்ட்டியின் 'சார்டாஷ்' வயலின்காரர்களின் கொண்டாட்டப் பாட்டு, நார்வேயின் ஆய்ஸ்டைன் போட்ஸ்விக் டியூபாவில் அதைப் பிரபலமாக்கியவர். அதன் மெதுவான முன்பகுதியை மட்டும் இந்த வருடம் எடுத்துக்கொண்டு, ஓடுகிற பகுதியை அடுத்த தடைக்காலத்துக்கு வைத்தால் தப்பில்லை.

நம் பக்கத்துப் பாட்டு வேண்டும் என்றால் கதனகுதூகல ராகத்தில் 'ரகுவம்ச சுதா'. பட்டணம் சுப்பிரமணிய ஐயர் இயற்றியது. அவருடைய சீடர் பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்கார் நம் ராமநாதபுரத்துக்காரர் என்பதால் எனக்குக் கொஞ்சம் உரிமை அதிகம். ஏறும்போது ச ரி ம த நி க ப ச என்று தாவித் தாவிப் போகும். இழுத்து அசைக்கிற கமகம் அதில் குறைவு. பித்தான் வைத்த வாத்தியத்தில் தோடியை ஊதி அவமானப்படுவதைவிட இது எவ்வளவோ மேல்.

கட்டை மாற்றுவது

மூலத்தில் இருக்கும் கட்டையில்தான் ஊதவேண்டும் என்று யாரும் சத்தியம் வாங்கவில்லை. பி-ஃபிளாட் பேஸுக்கு ஆறரை, நாலு, இரண்டரைக் கட்டைகள் விரலுக்கு இதம். ஈ-ஃபிளாட் பேஸுக்கு இரண்டரை, ஆறரை, ஐந்தரை. ஓர் உதாரணம்: சான்-சான்ஸ் 1886இல் எழுதிய 'அன்னம்', செல்லோவின் மிகப் பிரபலமான சோலோ. மூலம் ஐந்து கட்டை. அதை ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழே இறக்கி, நாலு கட்டைக்கும் மாற்றிவிட்டால் பி-ஃபிளாட் பேஸின் நல்ல இடத்தில் வந்து உட்காரும். தொடக்கம் ச நி க த ப ச, ரி க ம. மேல் ச-வில் தொடங்கிக் கீழ் ச வரை இறங்கி மறுபடி ஏறும். இப்படிச் சுரமாக எழுதிக்கொண்டால் கட்டை மாற்றும் தலைவலியே கிடையாது. கோடு போட்ட நோட்ஸ் படிக்கிறவர்கள் மட்டும் உட்கார்ந்து மாற்றி எழுதவேண்டும்.

அவர்களுக்கு ஒரு குறுக்கு வழி. கார்னெட் மாதிரி டிரெபிள் கிளெஃபில் படித்துப் பழகிய ஈ-ஃபிளாட் பேஸ்காரர், செல்லோவின் பேஸ் கிளெஃப் நோட்ஸை அப்படியே டிரெபிள் என்று நினைத்துக்கொண்டு மூன்று ஷார்ப் சேர்த்து ஊதினால் சரியான சுரம் வரும். பி-ஃபிளாட்காரருக்கு இந்த வசதி இல்லை.

எந்த ஆக்டேவ் என்பதில் கவனம். ஆழமாக இறங்கினால் கம்பீரம் என்று தோன்றும், ஆனால் திறந்தவெளியில் கூம்பு ஸ்பீக்கர் அந்த ஆழத்தைக் காட்டாது. பின்வரிசையில் நிற்கிறவருக்கு 'உப் உப்' என்றுதான் கேட்கும். மெட்டு முடிந்தவரை மேல்பாதியில் இருக்கட்டும்.

மூச்சு

இதற்குத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். வயலின்காரர் வில்லைத் திருப்பினால் போதும், சுரம் அறுபடாது. நமக்கோ அடிச்சுரம் ஒன்றைக் கனமாக ஊதினால் சில நொடிகளில் நெஞ்சு காலி. அதனால் அடுத்தவர் சோலோவை டியூபாவுக்குக் கொண்டுவருவது என்றால், அதில் எழுதியவர் வைக்காத மூச்சுகளை நாம் வைப்பது. மற்ற வேலை எல்லாம் இதற்குப் பிறகுதான்.

வாத்தியத்தைத் தொடாமல் முதல் மூன்று நாள் பாட்டைப் பாடுங்கள். குரல் நன்றாக இல்லை என்ற சாக்கு செல்லாது, கடற்கரையில் போய்ப் பாடுங்கள். நாலு அடி வைக்கும் நேரத்தில் மூச்சை இழுத்து, எட்டு அடி வைக்கும் நேரம் பாடிக்கொண்டு நடந்தால் அளவு பிடிபடும். தலை சுற்றினால் உட்கார்ந்துவிடவேண்டும், வீரம் காட்டவேண்டாம். எங்கள் பக்கம் சங்கு குளிக்கிறவர்களும் பாசி எடுக்கிற பெண்களும் மூச்சைப் பிடிப்பதைப் பார்த்து வளர்ந்ததால், நிறையப் பிடித்தால் நிறைய ஊதலாம் என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம். தப்பு. அவர்கள் பிடிக்கிறார்கள், நாம் விடுகிறோம். இழுத்த மூச்சைத் தொண்டையில் நிறுத்தாமல் இழுத்த வேகத்திலேயே வெளியே திருப்பவேண்டும். சிகாகோ சிம்பொனியில் 1944 முதல் 1988 வரை டியூபா வாசித்த ஆர்னால்ட் ஜேக்கப்ஸ், மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததன் சாரம் இரண்டே சொல்: பாட்டு, காற்று. உதட்டையும் வயிற்றையும் பற்றி யோசிக்காமல் மனதில் பாட்டை ஓடவிட்டுக் காற்றை அனுப்பு என்பார்.

பாடும்போதே பென்சிலால் மூச்சுக் குறி போடுங்கள். பெரிய மூச்சுக்குப் பெரிய குறி, உறிஞ்சு மூச்சுக்குச் சின்னக் குறி. ஒரு தாளக்கட்டு முடிகிற தாளக்கோட்டுக்குச் சரியாக முன்னால் மூச்சு வாங்கத்தான் கை போகும். பெரும்பாலும் அது கெட்ட இடம், ஏனென்றால் சொற்கள் தாளக்கோட்டைத் தாண்டித்தான் முடியும். கோட்டைத் தாண்டிச் சமத்தில் விழும் சுரத்தை ஊதிவிட்டு, அதன் வாலைக் கொஞ்சம் நறுக்கி அங்கே வாங்குங்கள்.

இடமே இல்லாத பாட்டு என்றால் சுரத்தை விடவேண்டியதுதான். பாக் தனிச் செல்லோவுக்கு எழுதிய முதல் தொகுப்பின் முன்னுரைப் பகுதி 42 தாளக்கட்டு, நடுவில் ஓரிடம் தவிர எங்கும் நிற்காது. அதன் முதல் கட்டில் ச ப க ரி க ப க ப என்ற எட்டுச் சுரம் இரண்டு முறை வரும். இரண்டாம் முறையின் கடைசி 'ப'வை விட்டுவிட்டு அங்கே உறிஞ்சிக்கொள்ளலாம். அந்தப் 'ப' காதில் ஏற்கெனவே ஐந்து முறை விழுந்துவிட்டது, இல்லாததை யாரும் தேடமாட்டார்கள். அடுத்த கட்டின் முதல் சுரத்தை மட்டும் விடக்கூடாது. அதுதான் தூண், அதைச் சாய்த்தால் கூரை வந்துவிடும். பாக் மேல் ஆசை இருந்தும் இந்த ஓட்டம் பயமாக இருந்தால், ஐந்தாம் தொகுப்பின் சரபாந்த் என்ற நடனப் பகுதியை எடுங்கள். மெதுவானது, முழுக்க ஒற்றைச் சுரங்களால் ஆனது. ஒரே நேரத்தில் இரண்டு கம்பியை இழுக்கும் வித்தை அதில் இல்லாததால் நாம் எதையும் இழப்பதில்லை.

போட்ட குறியை மேடையில் மாற்றாதீர்கள். இன்னும் காற்று இருக்கிறதே என்று ஒரு குறியைத் தாண்டினால், அடுத்த குறிக்கு முன்னால் மாட்டிக்கொள்வீர்கள். நான் ஒரு திருவிழாவில் அப்படித் தாண்டி, 'அன்னம்' நடுவில் பன்றி உறுமுவது மாதிரி ஒரு சத்தத்தோடு மூச்சு வாங்கினேன். மைக் வேறு பக்கத்திலேயே இருந்தது.

நாக்கு

வேகமான பகுதிக்கு 'தக தக' என்று நாக்கை அடிக்கவேண்டும், மும்மூன்றாக வந்தால் 'ததக ததக'. நாதஸ்வரக்காரர்களின் துத்துக்காரத்தைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதைப் புத்தகம் வைத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் வாயால் சொல்லி, அப்புறம் ஒரே சுரத்தில் ஊதி, அதற்கும் அப்புறம்தான் விரலைச் சேர்க்கவேண்டும். இதில் வரும் 'க' எல்லோருக்கும் சவலைப்பிள்ளைதான். 'க க க க' என்று அதை மட்டும் தனியாகத் தினம் ஐந்து நிமிடம் ஊட்டி வளர்க்கவேண்டும். கீழே போகப் போக 'த'வை 'தோ' என்று வாயை அகலமாக்கிச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அடிச்சுரம் தாமதமாக எழும்.

கூட வாசிப்பவர்

பலர் கோட்டை விடுவது இங்கே. செல்லோவின் மெட்டை ஓர் ஆக்டேவ் இறக்கிவிட்டோம், ஆனால் கீபோர்டின் இடது கை பழைய இடத்திலேயே கிடக்கும். கீழே இரண்டு பேர் நெருக்கிக்கொண்டால் சேறுதான். எங்கள் கீபோர்டுத் தம்பிதான் முதலில் இதைக் கண்டுபிடித்தான்: "அண்ணே, நீங்க ஊதுற எடத்துலதான் நானும் நிக்கிறேன். ரெண்டுல ஒராளு வெளியேறணும்ணே." அன்றிலிருந்து அவன் இடது கையைத் தூக்கி நடுவில் வைத்துக்கொள்கிறான், பல இடத்தில் வலது கை மட்டும்தான். டிரம்ஸ் வேண்டவே வேண்டாம். ஒரு தபேலா இருந்தால் சரி.

சுருதியை வீட்டிலிருந்து கிளம்பும்போது சேர்த்துப் பயனில்லை. வாத்தியம் சூடேறச் சூடேற அதன் சுருதி ஏறும், கீபோர்டு நின்ற இடத்திலேயே நிற்கும். பத்து நிமிடம் ஊதிச் சூடாக்கிவிட்டு ட்யூனிங் குழாயை இழுத்துச் சேருங்கள். வெயிலில் வைத்த வாத்தியத்துக்கு இன்னும் கொஞ்சம் இழுக்கவேண்டியிருக்கும்.

அந்த நாள்

மைக்கை வாத்தியத்தின் வாய்க்குள் விடும் சவுண்டு சர்வீஸ்காரரைத் தடுங்கள். இரண்டு மூன்று அடி தள்ளி இருந்தால்தான் பாட்டு கேட்கும், உள்ளே விட்டால் காற்றும் உறுமலும்தான். முடிந்தால் பின்னால் ஒரு சுவர் இருக்கும் இடமாகப் பார்த்து உட்காருங்கள். வாடைக்காற்று அடிக்கிற ராத்திரி என்றால் திறந்தவெளியில் பாதிச் சத்தம் கடலுக்குத்தான் போகும். பவனி முடிந்து களைத்த உதட்டோடு சோலோ ஊத ஒத்துக்கொள்ளாதீர்கள், பவனிக்கு முன்னாலேயே நேரம் கேட்டு வாங்குங்கள். அறிவிப்பாளரிடம் இது என்ன பாட்டு, முதலில் எந்த வாத்தியத்துக்கு எழுதியது என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் "அடுத்து ஒரு இசை விருந்து" என்று முடித்துவிடுவார்.

கடைசியாக எண்ணெய். தேங்காய் எண்ணெய் விட்டு, அது பிசினாகி, இரண்டாவது பித்தான் அமுங்கினது அமுங்கினபடியே நின்று, அன்றைக்கு முழுக்க அரைச் சுரம் குறைத்து ஊதியவன் நான். வால்வு எண்ணெய் என்றே தனியாக விற்கிறது, மெல்லியதாக இருக்கும், அதைத்தான் விடவேண்டும். இழுக்கிற குழாய்களுக்கு வாஸ்லின் போதும். நம் உப்புக்காற்று பித்தளையை விடாது, பச்சை பிடிக்க ரொம்ப நாள் ஆகாது. ஊதி முடித்ததும் உள்ளே தேங்கிய நீரை வடித்துவிட்டு, வெளியே மெல்லிய துணியால் துடைத்து, உறைக்குள் போட்டுவிடுங்கள். மாதம் ஒரு முறை பித்தான்களைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே தண்ணீர் விட்டு அலசவேண்டும். கிணற்று உப்புத்தண்ணி உதவாது, குடிக்கிற நல்ல தண்ணிதான் வேண்டும். ஒரு பேஸுக்கு இரண்டு குடம் பிடிக்கும். வீட்டில் கேட்டுக்கொண்டு எடுங்கள்.